பட்டாளத்தில் போன வருஷங்கள் வீணா?

‘பட்டாளத்துக்குப் போனவன் திரும்பி வந்தால் ஏ.டி.எம். வாசலில் உட்கார வேண்டியதுதான். படிக்கிற வயசைத் தொலைத்துவிட்டான்.’ தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் வேலூர்ப் பக்கத்து ஊர்களிலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. இதை ஏற்க முடியாது.

வயசு தொலைகிறதாம். சிப்பாய்க்கு 15 வருஷ சர்வீஸ் முடிந்தாலே பென்ஷன் உண்டு. பலர் நாற்பதை ஒட்டி வெளியே வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இன்னும் இருபது வருஷம் தெம்பாக உழைக்கலாம்.

‘துப்பாக்கி பிடிப்பதைத் தவிர என்ன தெரியும்?’ என்கிறார்களே, அதுதான் மனதைச் சுடுகிறது. படையின் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.யில் இருந்தவர் வண்டி எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர். சிக்னல்ஸ்காரர் பனிமலையில் தகவல் தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டவர். கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும் கம்பெனியின் போர்வை, பூட்ஸ், ரேஷன் எல்லாம் அவர் பொறுப்பு. லெட்ஜரில் எழுதியதும் ஸ்டோரில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒரு கம்பளி குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு குடோன் மேனேஜரிடம் முதலாளி இதைவிட வேறென்ன எதிர்பார்க்கிறார்?

சொன்னதைச் செய்வார்கள், சுயமாக முடிவெடுக்க வராது என்பது அடுத்த குறை. எல்லைச் சாவடியில் பத்துப் பேர் உயிரைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் செக்‌ஷன் கமாண்டர், ஆபத்து வரும் நேரத்தில் யாரைக் கேட்டு முடிவெடுப்பார்?

காவலாளி வேலையில் முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர் இருப்பது உண்மைதான். ஆனால் அது அவர்களுடைய திறமைக்கு அளவுகோல் ஆகாது. 1986-ல் தமிழக அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாகக் கிடைப்பதிலும் பெரும்பகுதி காவல் பணியே. ஒவ்வொரு படைவீரரின் டிஸ்சார்ஜ் புக்கிலும் அவர் பார்த்த டிரேடும் முடித்த கோர்ஸும் பதிவாகியிருக்கின்றன. வேலை கொடுப்பவர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே செக்யூரிட்டி யூனிஃபார்மை எடுத்து நீட்டுகிறார். வீணாவது அங்கேதான்.

2022-ல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நாலு வருஷம் முடிந்தபின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் படையில் நீடிக்க முடியும். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. இருபதுகளிலேயே வெளியே வரப்போகும் அந்தப் பிள்ளைகளிடமாவது, ‘என்ன டிரேடு பார்த்தாய், தம்பி?’ என்று முதலில் கேளுங்கள்.