கேஸ் தீராது, கசியும்

கோடை பிறந்தால் பழைய கார் வைத்திருப்பவர்கள் 'கேஸ் ஃபில்லிங்'குக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஏசி வாயு எரிந்து தீரும் எரிபொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவருவது. ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். அதைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்க்கிற வேலை. தேட வழிகள் உண்டு. வாயுவோடு கம்ப்ரஸர் எண்ணெயும் வெளியேறுவதால் கசியும் இணைப்பில் பிசுக்கு படியும். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் குமிழி கிளம்பும். அதற்கும் சிக்காத நுண்துளையைப் புறஊதா விளக்கில் ஒளிரும் சாயம் காட்டும். கசிவை விட்டுவைத்து எண்ணெய் வற்றினால் கம்ப்ரஸரே இறுகிப்போகும். செலவு பல மடங்கு. பழைய கார் ஏசிகளில் உள்ள வாயுவான ஆர்-134ஏ கசிந்து காற்றில் கலந்தால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். கசிவைக் காட்டாத மெக்கானிக்கிடம் கேஸுக்குக் காசு கொடுக்காதீர்கள்.