எண்ணெய் போத்தலும் மருந்துப் பம்பும்



"டிரஸ்ஸர், ஆர்கானிக் ஆலிவ் எண்ணெய்னு விக்கிறாங்களே, அதுல சத்து ரொம்ப அதிகமாமே? வாங்கலாமா?" என்று மருந்தகத்துக்கு வருகிற பலர் கேட்கிறார்கள். குளுவாங்கிலும் கூலாயிலும் கடைகளில் அழகான போத்தல்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையோ, இரண்டரை வெள்ளி பாக்கெட் எண்ணெயைப்போல் பல மடங்கு. பிள்ளைகளின் உடம்புக்கு நல்லது என்று நம்பி, கடன் வாங்கியாவது வாங்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆர்கானிக் என்றால் செயற்கை உரம், பூச்சி மருந்து, களைக்கொல்லி இல்லாமல் விளைவித்தது என்று பொருள். அது பயிரிட்ட முறையைச் சொல்லும் சொல். உள்ளே சத்து கூடுதல் என்று சொல்லும் சொல் அல்ல. இத்தாலியில் இரண்டு வகை ஆலிவ் எண்ணெயையும் மூன்று ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிலையான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மரத்தின் ரகமும் அந்தந்த ஆண்டின் பருவமும்தான் சத்தை அதிகம் மாற்றின. காயைப் பறித்த பக்குவம், தாமதிக்காமல் பிழிந்தது, சூடேற்றிச் சுத்திகரிக்காமல் விட்டது, இவையும் முக்கியம். ஆர்கானிக் எண்ணெயில் மருந்தின் மிச்சம் குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வேறு விஷயம், சத்து வேறு விஷயம்.

இதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. செம்பனைப் பழம் அடிபட்டு, குலை ரோட்டோரம் நாள் கணக்கில் கிடந்தால் எண்ணெய் கெட்டுப்போகும் என்று குலை வெட்டுகிற எவருக்கும் தெரியும். ஆலையில் பிழிந்ததும் அந்த எண்ணெய் சிவப்பாக இருக்கிறதே, அந்தச் சிவப்புதான் கரோட்டின். நம் உடம்பு அதிலிருந்துதான் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யைச் செய்து கொள்கிறது. ஒரு கிலோவில் சுமார் 500 முதல் 700 மில்லிகிராம் வரை உண்டு. சுத்திகரிப்பில் மண் போட்டு வெளுக்க வைத்து, கடுஞ்சூடு ஏற்றும்போது அது போய்விடுகிறது. ஆர்கானிக் செம்பனையை அதே முறையில் சுத்திகரித்தாலும் அதே கதிதான். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. ஆலிவில் ஏழில் ஒரு பங்கு. ஆர்கானிக் ஆக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்படியானால் ஆர்கானிக்கால் யாருக்கு லாபம்? முதல் லாபம் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடிக்கிறவருக்குத்தான். அவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கறுத்துக் கழன்று, மூக்கில் ரத்தம் வடிந்து வந்தவர்களுக்கு நானே மருந்து கட்டியிருக்கிறேன். பாராகுவாட் விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. அதை நிறுத்தப் போவதாக அரசாங்கம் 2002இல் அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! அந்தப் பதினெட்டு ஆண்டும் காத்திருந்தது யார் நுரையீரல் என்று யோசித்துப் பாருங்கள். பாராகுவாட் போனாலும் மற்ற களைக்கொல்லிகள் இன்னும் ஸ்டோரில் இருக்கின்றன.

ஆகவே என் கருத்து இது. சத்துக்காக விலை உயர்ந்த போத்தலைத் தேடாதீர்கள். முருங்கைக் கீரையும் பூசணியும் லயத்துக்குப் பின்னாலேயே வளரும். கரோட்டின் அதில் தாராளம். எந்த எண்ணெயானாலும் அளவாக ஊற்றுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் மருந்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டு இரசாயன விதிகளின்படி பாதுகாப்புக் கருவி தருவதும், தேவைப்படுகிறவர்களுக்கு மருத்துவச் சோதனை செய்வதும் நிர்வாகத்தின் கடமை. கையுறை கிழிந்தால் புதிது கேளுங்கள். மருந்து பட்ட துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கேட்டும் கிடைக்காவிட்டால் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

எண்ணெய் சாப்பிடுகிறவரின் உடம்பைப் பற்றி உலகமே பேசுகிறது. எண்ணெயை உண்டாக்குகிறவரின் உடம்பைப் பற்றி நாம்தான் பேச வேண்டும்.