கிளைவுக்கு இடமுண்டு, கான்சாகிபுக்கு?

தெப்பக்குளத்தருகே கிளைவ் ஹாஸ்டல் எங்கே என்றால் திருச்சியில் யாரும் வழி சொல்வார்கள். 1753 முற்றுகையில் இந்த ஊருக்குச் சோறு கொண்டுவந்த கான்சாகிபுக்கு ஒரு பெயர்ப்பலகையை நான் இங்கே பார்த்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும், வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியாரான எனக்கு இது பொறுக்கவில்லை.

இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்து, முகமது யூசுப் கான் ஆகி, கிளைவின் சிப்பாய்ப் படையில் சேர்ந்தவர் அவர். 1753-ல் பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்க்காரர்களும் சீரங்கத்தீவில் தண்டிறங்கியிருந்தார்கள். இக்கரையில் கிழக்கிந்தியக் கும்பினி காத்துநின்ற கோட்டைக்குள் பஞ்சம். தொண்டைமான் சீமையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நெல்மூட்டைகளை எதிரியின் கண்ணில் படாமல் கொண்டுவந்து சேர்க்கும் வேலை யூசுப் கானுடையது. அவரை ஒழித்தால் கோட்டை விழும் என்று எதிரிக்குத் தெரியும். எதிரிக்கு உடந்தையான கும்பினித் துபாஷி பொன்னியப்பன், யூசுப் கான் மைசூருக்கு விலைபோனதாகப் பொய்க் கடிதம் புனைந்தான். விசாரணையில் குட்டு வெளிப்பட்டது. அவனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார் யூசுப் கான்.

1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் குத்தகை. சண்டைக்கு நடுவிலும் கண்மாய்களைச் செப்பனிட்டார், மீனாட்சியம்மன் கோயில் நிலங்களை மீட்டுக் கொடுத்தார். ஆனால் நெற்கட்டும்செவலில் பூலித்தேவரை ஒடுக்கியவரும் அவர்தான். அந்தப் பக்கத்து மக்களின் கோபம் நியாயமானது. அதை மறைத்துவிட்டு அவருக்குக் கல் நடச் சொல்லவில்லை.

ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு அடங்க மறுத்து 1763-ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். கும்பினியும் நவாபும் முற்றுகையிட்டும் மதுரைக் கோட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது. கடைசியில் உடனிருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டார்கள். தலையைத் திருச்சிக்கு அனுப்பியதாக வழிவழியாகச் சொல்வார்கள். எஞ்சிய உடல் மதுரை சம்மட்டிபுரத்தில் இருக்கிறது.

தூக்கிலிடச் செய்த முகமது அலியின் சமாதி இங்கே நத்தர்வலி தர்காவில் இருக்கிறது. அவரது அரசுரிமையைக் காக்கத்தான் திருச்சிக் கோட்டைக்கு அன்று அத்தனை நெல்மூட்டைகள் வந்து சேர்ந்தன. அந்த நன்றிகெட்டதனத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனசு கொதிக்கிறது.

கும்பினிக்குச் சேவகம் செய்தவருக்கு நினைவுக்கல்லா என்று கேட்பவர்கள் உண்டு. கிளைவ் வேறு யாருக்குச் சேவகம் செய்தார்? கோட்டையில் மிஞ்சிய வாசலான மெயின்கார்டு கேட்டில் மாநகராட்சி ஒரு கல் வைக்கட்டும். முற்றுகையில் சுமந்த நெல்லையும், செப்பனிட்ட கண்மாயையும், நெற்கட்டும்செவலில் செய்ததையும், தூக்கிலிட்ட தேதியையும் அதே கல்லில் தமிழில் எழுதட்டும்.