புள்ளி வைத்த குறிப்பேடு

தினசரி நாட்காட்டியின் தாள் பல இல்லங்களில் குறிப்பேடாகவும் பயன்படுகிறது. நல்ல நேரமும் இராகு காலமும் அச்சிட்ட இடத்துக்குப் பக்கத்தில், பால் கணக்கு, எரிவாயு உருளை வந்த நாள், மருத்துவரைக் காண வேண்டிய நேரம் ஆகியவற்றைப் பெரியவர்கள் சிறிய எழுத்தில் குறித்து வைப்பார்கள். மறுநாள் காலையில் தாள் கிழிக்கப்படும். குறிப்பும் அதனுடன் போய்விடும். செய்து முடிக்காத வேலை மட்டும் அரை நினைவாக மனத்தில் தங்கி, இரவு உறக்கத்தைக் கெடுக்கும்.

அறுபதைக் கடந்தவர்களுக்கு மறதியைக் காட்டிலும், மறந்துவிடுமோ என்ற அச்சமே பல வேளைகளில் பெருந்துன்பமாகிறது. இந்த அச்சத்தைத் தணிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. எண்பது பக்க நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். அவற்றை முறையாகக் கையாளும் வழி தெரிந்திருக்க வேண்டும்; அவ்வளவே.

அத்தகைய வழியொன்றை வகுத்தவர் ரைடர் கேரல். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்த அவர், பின்னாளில் நியூயார்க்கில் வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். இளமையில் அவருக்குக் கவனக்குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டது. எண்ணம் ஓரிடத்தில் நில்லாமல் ஓடியதால், பிறருக்குப் பொருந்திய குறிப்பேடுகள் அவருக்குப் பொருந்தவில்லை. பல ஆண்டுகள் எழுதியும் மாற்றியும் தமக்கென ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். அதை 2013-ஆம் ஆண்டு பிறருக்கும் அறிவித்தார். 2018-இல் நூலாகவும் எழுதினார். ‘புல்லட் ஜர்னல்’ என்பது அம்முறையின் பெயர். பெயரைக் கேட்டதும் துப்பாக்கிக் குண்டையோ மோட்டார் சைக்கிளையோ நினைக்க வேண்டியதில்லை. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அச்சகத்தார் இடும் கரும்புள்ளிக்கும் ‘புல்லட்’ என்றே பெயர். ஆகவே இதனைப் புள்ளிக் குறிப்பேடு என்று தமிழில் சொல்லலாம்.

கடையில் விற்கும் டைரியில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று முன்பே அச்சிட்டிருக்கும். வேலையில்லாத நாளில் பக்கம் வீணாகும். வேலை மிகுந்த நாளில் இடம் போதாது. புள்ளிக் குறிப்பேட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. தேதியை எழுதி, அன்றைக்கு வேண்டிய வரிகளை எழுதி, அடுத்த நாளை அதன் கீழேயே தொடங்கலாம்.

ஏட்டைத் தொடங்குவது எளிது. பிள்ளையார் சுழி இட்ட பின், எல்லாப் பக்கங்களுக்கும் எண் இட வேண்டும். முதல் இரண்டு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு ஒதுக்க வேண்டும். எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அவ்வப்போது அங்கே குறித்து வரலாம். அடுத்த சில பக்கங்களை வரவிருக்கும் ஆறு மாதங்களுக்குப் பங்கிட வேண்டும். மத்திய அரசின் ஓய்வூதியர் நவம்பரில் அளிக்க வேண்டிய வாழ்வுச் சான்றிதழ், பேத்தியின் திருமண நாள், கண் பரிசோதனை போன்றவை அங்கே இடம்பெறும். அதன்பின் நடப்பு மாதத்துக்கு எதிரெதிரான இரண்டு பக்கங்கள்: இடப்பக்கத்தில் 1 முதல் 31 வரை தேதிகள், வலப்பக்கத்தில் அம்மாதத்தில் முடிக்க வேண்டிய வேலைகள். அதற்கடுத்த பக்கத்திலிருந்து அன்றாடக் குறிப்புகள் தொடங்கும்.

மனத்தில் நிறுத்த வேண்டிய அடையாளங்கள் மூன்று. செய்ய வேண்டிய வேலைக்குப் புள்ளி. நிகழ்ச்சிக்குச் சிறு வட்டம். நினைவில் வைக்க வேண்டிய செய்திக்குச் சிறு கோடு. ‘மின்கட்டணம் செலுத்த’ என்பதற்கு முன்னால் புள்ளி. ‘மாலை பிரதோஷம்’ என்பதற்கு முன்னால் வட்டம். ‘இரத்த அழுத்தம் 140’ என்பதற்கு முன்னால் கோடு. நீண்ட வாக்கியங்கள் வேண்டா. ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொற்கள் போதும். வேலை முடிந்தவுடன் அதன் புள்ளியின் மேல் பெருக்கல் குறி இட வேண்டும். மருந்துச் சீட்டைத் தேடுவதற்கும் மின்கட்டணம் செலுத்தியாயிற்றா என்று இருமுறை கேட்பதற்கும் அதன்பின் இடமில்லை.

இதுவரை கூறியது பட்டியல் எழுதும் வேலையே. இம்முறையின் உயிர்நிலை மாதக் கடைசியில் இருக்கிறது.

மாதம் முடியும் நாளில் ஏட்டைப் புரட்டி, பெருக்கல் குறி பெறாமல் நிற்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்த வேலை இன்னும் தேவையா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். தேவையில்லையெனில் அந்த வரியை அடித்துவிடலாம். தேவையெனில் புள்ளியின் மேல் அம்புமுனை போன்ற குறியிட்டு, புதிய மாதத்தின் பக்கத்தில் தன் கையாலேயே மீண்டும் எழுத வேண்டும். வங்கிப் பேரேட்டில் ஒரு பக்கம் நிறைந்ததும், அடியிலுள்ள இருப்பை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுவது போன்றதுதான் இது. ஆனால் பேரேட்டில் ஒரு ரூபாயைக்கூட விட்டுவிட முடியாது. இந்த ஏட்டில் விட்டுவிடலாம். சில வேளைகளில் விட்டுவிடத்தான் வேண்டும். திரும்ப எழுதும் சிறு உழைப்புக்குக்கூடத் தகுதியில்லாத வேலையை எதற்காகச் சுமக்க வேண்டும் என்பதே கேரலின் கேள்வி.

முதுமையில் இக்கேள்வி ஆழமாகிறது. பரணில் உள்ள பழைய பாத்திரங்களை அடுக்க வேண்டும் என்ற வரி மூன்று மாதமாக நகர்ந்துகொண்டிருந்தால், அதை அடித்துவிடுவதில் குற்றமில்லை. உடல் ஏற்காத வேலையை விடுவதும் ஒரு தீர்மானமே. ஆனால் ‘அக்காவைப் போய்ப் பார்க்க’ என்ற வரி மூன்று மாதமாக நகர்ந்துகொண்டிருந்தால், காரணம் முழங்கால் வலியா, பாகப் பிரிவினையின்போது எழுந்த பழைய மனத்தாங்கலா என்பது எழுதியவருக்கே தெரியும். ஏடு யாரையும் சமாதானப்படுத்தாது. மாதக் கடைசியில் அந்த வரியை மறுபடியும் கண்முன் நிறுத்தும், அவ்வளவுதான். அப்போது பெரிய வேலையைச் சிறிதாக்கி, ‘ஞாயிறு காலை அக்காவுக்குத் தொலைபேசி’ என்று எழுதலாம். அடிப்பதா, எழுதுவதா என்று தீர்மானிக்கக் காலம் இருக்கும்போதே தீர்மானித்துவிடுவது நல்லது.

புள்ளி வைத்துத் தன்னைத் தானே சோதிக்கும் பழக்கம் புதியதன்று. 1790-இல் மறைந்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், உணவில் அளவு, மௌனம், ஒழுங்கு, பணிவு முதலான 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, சிறு புத்தகமொன்றில் ஏழு நாட்களுக்கும் கட்டங்கள் வரைந்து வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக் கவனம் செலுத்தி, தவறிய இடங்களில் கரும்புள்ளி இட்டார். ஒழுங்கு என்ற குணமே தமக்கு மிகவும் கடினமாக இருந்தது என்று தம் வரலாற்றில் அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் புள்ளிகள் குறையக் குறைய மனநிறைவு அடைந்தார். அதே கட்டங்களை இன்று மாத்திரைக்கும் நடைப்பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். மாத்திரையை விழுங்கியபின் கட்டத்தில் குறியிட்டுவிட்டால், ஐயத்தால் மறுமுறை உட்கொள்ளும் ஆபத்து குறையும்.

ஏட்டில் ஒரு பக்கத்தைக் குடும்பத்தாருக்காக ஒதுக்குவது அவசியம். வைப்புத்தொகை எந்தக் கிளையில் உள்ளது, முதிர்வு நாள் எது, நியமனதாரர் யார், காப்பீட்டுப் பத்திரமும் பெட்டகச் சாவியும் எங்கே உள்ளன என்பவற்றை அங்கே எழுதிப் பக்க எண்ணைப் பொருளடக்கத்தில் குறிக்க வேண்டும். கணவர் மறைந்தபின், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்றறியாமல் தவிக்கும் பெண்மணிகள் உண்டு. பத்தாண்டுகள் யாரும் உரிமை கோராத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பின்னரும் உரியவர்கள் கேட்டுப் பெறலாம். ஆனால் கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஏடிஎம் அட்டையின் இரகசிய எண்ணையும் கடவுச்சொல்லையும் இந்த ஏட்டில் ஒருபோதும் எழுதக் கூடாது.

பேரப்பிள்ளைகளுக்கும் இம்முறை பொருந்தும். படிப்பில் மனம் நிற்கவில்லை என்று கண்டிக்கப்படும் பிள்ளைக்கு, அத்தகைய ஒருவரே இதனை உருவாக்கினார் என்ற செய்தியே ஊக்கம் தரும். இளையோர் பலர் வண்ணப் பேனாவும் ஒட்டுப் படங்களும் வாங்கி, பக்கங்களைச் சித்திரமாக்கத் தொடங்குகின்றனர். சில வாரங்களில் சலிப்பு வந்து ஏடு மூலைக்குப் போகிறது. அழகு பின்னர் வரலாம்; முதல் மாதத்துக்கு ஒரே நிறப் பேனா போதும். பிள்ளையின் ஏட்டைப் பெரியவர்கள் பிரித்துப் பார்க்காமல் இருப்பதும் அவசியம்.

குறிப்பேடு நோய்க்கு மருந்தாகாது. பழகிய வழியும் நெருங்கியவர் பெயரும் திடீரென மறந்துபோகுமாயின் மருத்துவரை அணுகுவதே முறை. மற்றபடி, இடையில் சில நாள் எழுத விட்டுப்போனால் வருந்த வேண்டியதில்லை. இன்றைய தேதியை எழுதித் தொடரலாம். தொடங்குவதற்குச் சித்திரை முதல் நாள் வரவேண்டும் என்பதும் இல்லை. பல மாதங்களாக மனத்தில் மட்டுமே இருந்துவரும் ஒரு வேலையை இன்று மாலை முதல் வரியாக எழுதி, அதற்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும்.