7/2 எவ்வளவு பாஸ்?

7-ஐ 2-ஆல வகுத்தா எவ்வளவு? மூணரைன்னு எல்.கே.ஜி. தாண்டின யாரும் சொல்லிடுவீங்க. ஆனா, பைத்தான் 2-கிட்ட 7/2 கேட்டா '3'னுதான் சொல்லும். 2008 டிசம்பர்ல வந்த பைத்தான் 3-தான் '3.5'னு ஒழுங்கா பதில் சொல்லுச்சு. சரி, மொழி மாறிடுச்சு... 'விடை 3'னு எழுதி வெச்ச விளக்கப் பக்கத்தையெல்லாம் யாரு மாத்தறது?

இந்த வேலைக்குப் பேர்தான் மெயின்டனன்ஸ். கைடோ வான் ராஸம் 1989 கிறிஸ்துமஸ் லீவுல பைத்தானை ஆரம்பிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் தினம் தினம் கூட்டிப் பெருக்கறவங்க கதை யாருக்கும் தெரியாது.

முன்னாடி பைத்தானோட டாக்குமென்ட்ஸ் லேடெக்ஸ்ல இருந்துச்சு. ஒரு வரி திருத்தணும்னாலும் லேடெக்ஸ் தெரிஞ்சிருக்கணும். ஜார்ஜ் பிராண்டல்னு ஒருத்தர் 'ஸ்பிங்க்ஸ்'னு ஒரு டூல் எழுதி, 2008-ல வெளியிட்டார். சாதாரண டெக்ஸ்ட்டா எழுதிக் கொடுத்தா போதும்... வெப் பக்கம், பி.டி.எஃப். எல்லாம் அதுவே ரெடி பண்ணிடும். கூடவே 'டாக்டெஸ்ட்'னு இன்னொரு கில்லாடி. விளக்கத்துல இருக்கற உதாரணத்தை நிஜமாவே ஓட்டிப் பார்த்து, எழுதின விடையும் வர்ற விடையும் ஒத்துப்போகலைன்னா காட்டிக் கொடுத்துடும். 3-க்கும் 3.5-க்கும் நடுவுல மாட்டிக்கிட்ட பக்கம் தப்பிக்கவே முடியாது!

ஆனா, விடை சரியான்னுதான் டூல் பார்க்கும். படிக்கிறவனுக்குப் புரியுதான்னு மனுஷன்தான் பார்க்கணும். மனுஷன் களைச்சுப் போவான். ':=' என்ற ஒரு சின்னக் குறியைச் சேர்க்கறதுக்கு நடந்த பெரிய சண்டைக்கப்புறம், 2018 ஜூலையில கைடோவே தலைமைப் பொறுப்பிலேர்ந்து விலகிட்டார். 2019-லேர்ந்து தேர்தல்ல ஜெயிச்ச ஐந்து பேர் குழுதான் பொறுப்பு.

இதுல நமக்கு என்னங்கறீங்களா? இருக்கு! 2020 அக்டோபர்ல 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்'னு ஒரு திருவிழா. நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டா டி-ஷர்ட். கோட் எழுதத் தெரியாட்டி என்ன, டாக்குமென்ட்ஸ் இருக்கேன்னு 'சூப்பர் ப்ராஜெக்ட்' மாதிரி ரெண்டு வார்த்தையைச் சொருகி அனுப்பித் தள்ளிட்டாங்க. ஒவ்வொண்ணையும் யாரோ ஒருத்தர் சொந்த நேரத்துல திறந்து படிச்சு மூடணும். தொல்லை தாங்காம, சம்மதிச்ச ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்தான் போட்டின்னு பாதியிலேயே ரூலை மாத்தினாங்க.

ரெஸ்யூம்ல ஒரு வரி சேர்க்கற ஆசை எல்லாருக்கும் உண்டு. தப்பில்லை. ஒண்ணு பண்ணுங்க... அடுத்த முறை டாக்குமென்ட்ஸ் படிக்கும்போது உதாரணத்தை நீங்களே ஓட்டிப் பாருங்க. விடை மாறுதா? எந்த வரி குழப்புது? ஏற்கெனவே யாராவது சொல்லிட்டாங்களான்னு தேடுங்க. இல்லைன்னா எந்த வெர்ஷன், எந்த வரி, என்ன வந்துச்சுன்னு தெளிவா எழுதி அனுப்புங்க. முப்பது வருஷமா அதுலயே ஊறினவங்களுக்கு அந்தக் குழப்பம் வரவே வராது. புதுசா படிக்கிற உங்களுக்குத்தான் வரும். அவங்களுக்கு உங்ககிட்டேர்ந்து வேண்டியது அதுதான்.

டி-ஷர்ட் எப்ப வேணா கடையில வாங்கிக்கலாம் பாஸ்!