அணைப்போடு முடிகிற கதையா?

கொரியத் தத்துப் பிள்ளைகளைப் பற்றிய படம், தாயும் பிள்ளையும் கட்டியணைத்து அழும் இடத்தில் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் தோண்டுவது வளர்த்தவர்களுக்குச் செய்யும் நன்றிகேடு என்கிறார்கள் சிலர். இந்த வாதம் தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட.

டியான் போர்ஷே லீம் 1966இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது சா ஜங் ஹீ என்ற வேறொரு சிறுமியின் பெயரில். அந்தச் சிறுமியை அவளுடைய தந்தை வந்து கூட்டிச் சென்றுவிட்டார். அனாதை விடுதி இவரை அவளாக்கி அனுப்பிவைத்தது. இவருடைய தாயோ கொரியாவில் உயிரோடுதான் இருந்தார்! பின்னாளில் இயக்குநராகி, இதையே ஆவணப்படங்களாக எடுத்தார் லீம். தன் பெயரைத் தேடியவரிடம் நன்றியைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை இருக்கிறது?

தென்கொரியா வெளிநாடுகளுக்கு அனுப்பிய குழந்தைகள் சுமார் 2 லட்சம் பேர். போலி அனாதைப் பதிவுகளும் ஆள்மாறாட்டமும் நடந்ததை அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டது.

டேவி சூ இயக்கிய ‘ரிட்டர்ன் டு சோல்’ (2022) படம் அணைப்பைத் தாண்டிச் செல்கிறது. தத்துப் பிள்ளையான நாயகி பல ஆண்டு காத்திருந்து தாயைச் சந்திக்கிறாள். பிறகு அவள் தாய்க்கு அனுப்பும் மின்னஞ்சலோ சேராமல் திரும்பிவருகிறது. ‘ப்ளூ பையூ’ (2021) படம் தத்துப் பிள்ளையின் நாடுகடத்தலைப் பேசியது. அது கற்பனைப் பயமல்ல: தத்துப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தந்த அமெரிக்கச் சட்டம், 2001இல் அமலானபோது 18 வயதைக் கடந்திருந்தவர்களைக் கைவிட்டது. அவர்களில் சிலர், மொழியே தெரியாத கொரியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.