கூட்டுக் குடும்பமா, கூலியில்லாத் தறிக்கூடமா?

"அந்தக் காலத்தில் ஒரே கூரைக்குக் கீழ் இருபது பேர் ஒற்றுமையாக வாழ்ந்தோம், இன்று குடும்பம் சிதறிவிட்டது" என்று களம்பூர்த் திருமண மேடைகளில் யாராவது ஒருவர் பெருமூச்சு விடாமல் இருப்பதில்லை. ஆரணிப் பட்டு நெய்யும் இந்த ஊரின் பிள்ளையாகக் கேட்கிறேன்: அந்த ஒற்றுமை யாருடைய உழைப்பில் நடந்தது?

பட்டுச்சேலையை ஒற்றை ஆள் நெய்துவிட முடியாது. ராட்டையில் நூல் சுற்ற ஒருவர், பாவு பிணைக்க ஒருவர், கோர்வைக்குத் துணையாக ஒருவர் என்று வீடே உழைத்தால்தான் சேலை தறியிலிருந்து இறங்கும். கூலி மட்டும் குடும்பத் தலைவன் கையில். மாமியாருக்கும் மருமகளுக்கும் பிள்ளைக்கும் தனிக் கணக்கு ஏது? சம்பளம் தராத முதலாளியைச் சுரண்டல்காரன் என்கிறோம். சம்பளம் தராத குடும்பத்தைப் பாசம் என்கிறோம்!

ஒன்றிய அரசுக்கும் இந்தப் பாசம் பிடித்திருக்கிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றது. ஆபத்தான தொழில் கூடாதாம். வீட்டுத் தறி முன்னால் நின்று மணி பார்க்கப் போகிற அதிகாரி யார்?

சொத்திலும் இதே கதைதான். பெண்ணுக்குச் சம சொத்துரிமை என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டமும் அதற்கு முன்பே மணமாகிப் போன மகள்களுக்குப் பங்கு தரவில்லை.

சரி, இன்றைய தனிக்குடும்பம் விடுதலை பெற்றுவிட்டதா? பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். மிக்சி வந்தது, கார் வந்தது. வரன் தேடும்போது மட்டும் கைப்பேசிச் செயலியில் முதலில் நிரப்புவது சாதி, அடுத்து உட்பிரிவு. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் விளக்கினார். நூறாண்டு கழித்து, 2016இல், உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் கொல்லப்பட்டார். அவர் மென்பொருள் பொறியாளர். படிப்பும் வேலையும் சாதியின் அரிவாளைத் தடுக்கவில்லை.

ஆகவே குடும்பம் பெரிதா சிறிதா என்ற பட்டிமன்றம் போதும், தோழர்களே. தறிக்கூலியில் பெண்ணின் பங்கு அவள் வங்கிக் கணக்குக்கே போகட்டும். மகளின் பாகத்தைக் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டுத் தெருவுக்கு வாருங்கள். வரன் படிவத்தில் சாதிக்கான கட்டத்தை அடித்துவிடுங்கள். குடும்பப் பெருமையை அதற்குப் பிறகு மேடையில் பேசலாம்.